கேட்காமல் விட்ட சொற்கள்

புவனம் அக்கா தவறிவிட்ட செய்தி, நான் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து காலுறை மாற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. டயர் கடை முனியாண்டி அண்ணன்தான் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க லா, குணா." அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. இனி அந்த முகத்துக்கு நேரே நிற்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. சீ, நானும் ஒரு மனிதனா என்று அங்கேயே கூசிப்போனேன்.

பாடாங் செராயில் அக்காவின் வீட்டில் காரியம் நடந்தது. அவருடைய தம்பி மகள் என்னிடம் வந்து, "அங்கிள், அத்தையப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றாள். பேசினேன். கடைசிவரை ஸ்கிராபிள் ஆட்டத்தில் அக்காவுக்கு ஒரு சொல்கூடத் தவறியதில்லை என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். முனியாண்டி அண்ணன் மட்டும் தரையைப் பார்த்தார். அன்று கேட்டவர்களுக்காகவும் அக்காவை அறிந்த மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் சொன்னது பொய்.

அக்கா அரசாங்க அலுவலகத்தில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, ஆட்களை வேலை வாங்கும் எழுத்தராக, இருந்தாராம். நானும் அண்ணனும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள். அண்ணனின் டயர் கடையில் ஒருநாள் அக்காவின் காருக்கு டயர் மாற்றினார்கள். காத்திருந்த அக்கா, நானும் அண்ணனும் பழைய டயர்மேல் பலகை போட்டு, எழுத்துக் கட்டைகளால் ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடுவதைப் பார்த்தார். காப்பி குடித்து முடிப்பதற்குள் மூன்றாவது ஆளாக உட்கார்ந்துவிட்டார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் அந்தக் கடையின் பின்கட்டுதான்.

முதல் நாளே அண்ணன் வைத்த ஒரு சொல்லை அக்கா கேட்டார். ஆட்டத்தில் அதுதான் சட்டம். சந்தேகம் வந்தால் "கேக்குறேன்" என்று சொல்ல வேண்டும். அகராதியில் சொல் இல்லாவிட்டால் வைத்தவர் கட்டைகளைத் திருப்பி எடுக்க வேண்டும். இருந்தால் கேட்டவருக்கு ஒரு முறை போகும். அண்ணனின் சொல் அகராதியில் இல்லை. அவர் முகம் தொங்கிவிட்டது. அக்கா விடவில்லை. "மூஞ்சியத் தூக்காத தம்பி. கேக்குறேன்னா உன்னை ஆளா மதிக்கிறேன்னு அர்த்தம். எங்க தாத்தாவை யாரும் கேக்கல. அதான் அவரு கெட்டாரு" என்றார். கிராணியின் பேத்தி இப்படிச் சொல்வதைக் கேட்டு எங்களுக்குச் சிரிக்கவும் பயமாக இருந்தது.

க்யூ என்ற எழுத்து வந்தால் மற்றவர்கள் தலையில் கை வைப்பார்கள். பின்னாலேயே யூ வர வேண்டுமே! அக்காவோ யூ இல்லாத க்யூ சொற்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஃபக்கீர், தலாக், கிப்லா, நிக்காப் என்று ஒவ்வொன்றாகப் பலகையில் இறங்கும். "க்யூவுக்கு யூ வேணும்ங்கறது வெள்ளக்காரன் சட்டம். நம்ம பக்கத்து வீட்டுக்காரங்க வார்த்தைக்கு அதெல்லாம் வேணாம் லா" என்பார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ஒருமுறை அதைச் சுற்றி வளைத்துக் கேட்டபோது, "ஏன், யூ இல்லாம க்யூ நிக்கலியா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தார்.

போன வருஷம் ஒரு ஞாயிறு அக்கா க்யூவோடு ஒரு சொல் வைத்தார். அப்படி ஒரு சொல் கிடையாது. எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் பலகைக்கு அடியில் என் காலை மிதித்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன். என்ன இருந்தாலும் பெரியவர். அதைவிட, கிராணி வீட்டு ஆள். எங்கள் அப்பாக்கள் கைகட்டி நின்ற பழக்கம் எங்கள் நாக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அடுத்த வாரமும் ஒரு சொல். அதற்கடுத்த வாரமும். நாங்கள் புள்ளி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அக்கா ஜெயித்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் போகும்போது எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம், நல்ல பிள்ளைகள் என்று.

அந்தத் தைரியத்தில்தான் அக்கா சுங்கைப்பட்டாணியில் நடந்த போட்டிக்குப் பெயர் கொடுத்தார். நாங்கள் தடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்தவர் கோத்தா கோலா மூடாவிலிருந்து வந்த மீன் வியாபாரி, தங்கமான மனிதர். "சாரி ஆன்ட்டி, சேலஞ்ச்" என்று மெதுவாகத்தான் சொன்னார். அக்கா கட்டைகளைத் திருப்பி எடுத்தார். அடுத்த சொல்லுக்கும் எடுத்தார். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது கார் சிடாம் கிரி ஊரைத் தாண்டியது. பிறகு அக்கா கேட்டார்.

"இன்னிக்கு அவரு கேட்ட முத வார்த்தைய போன வாரம் கடையில வச்சேன். ஏன் கேக்கல?"

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் அக்கா…" என்றார்.

"எத்தன நாளா?"

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"எனக்கே உள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சு. சாமான் வச்ச எடம் மறக்குது, பேரு மறக்குது. ஆனா ஞாயித்துக்கெழமை உங்ககிட்ட ஜெயிக்கிறேனே, அப்ப மூள நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன். அத நம்பித்தான் டாக்டர்கிட்ட போகாம இருந்தேன் தம்பி."

அக்கா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு ஒப்புவிப்பதுபோல் நிதானமாகச் சொன்னார். மறுவாரமே மருத்துவமனைக்குப் போனார். முன்பே வந்திருந்தால் மறதி நோய் முற்றுவதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். தள்ளிப்போட்டிருக்க முடியுமோ முடியாதோ, அந்தக் காலத்தை அவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தவர்கள் நாங்கள்தான்.

பல வாரம் கழித்து ஒருமுறை கடைக்கு வந்தார். தம்பி மகள் கொண்டுவந்து விட்டாள். இளைத்திருந்தார். எங்கள் பெயர் சரியாக வந்தது. ஆட்டம் தொடங்கியது. க்யூவை எடுத்து நெடுநேரம் கையில் உருட்டிவிட்டு ஒரு சொல் வைத்தார். அது சொல்லே இல்லை. வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். காத்திருந்தார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். காரில் அவ்வளவு கேட்ட பிறகும் எனக்கு வாய் வரவில்லை. நோயாளியைப் போய் எப்படி என்று தோன்றியது. அண்ணன் புள்ளி போடப் பேனாவை எடுத்தார்.

அக்கா கையை நீட்டி அந்தக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தானே திருப்பி எடுத்துக்கொண்டார்.

"நானே கேட்டுக்க வேண்டியதாப் போச்சு" என்றார்.

அதுதான் கடைசி ஆட்டம்.

காரியம் முடிந்த மறு ஞாயிறு நானும் அண்ணனும் பலகையை விரித்தோம். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏதோ ஒரு சொல்லை வைத்தார். "கேக்குறேன்" என்றேன். அகராதியைப் புரட்டினோம். சொல் இருந்தது. என் முறை போயிற்று. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை.