அண்ணி கட்டிய மீன்தொட்டி விளக்கு

எங்கள் வீட்டில் வயரைத் தொடுகிற ஆள் நான்தான். ஹட்டனில் போன் ரிப்பேர் கடையில் ஆறு வருடமாக வேலை. எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டு டிவி நின்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். அண்ணன் ஒரு பல்பு மாற்றுவதற்குக்கூட நான் வேலை முடிந்து வரும்வரை காத்திருப்பார்.

கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், அண்ணி கினிகத்தேனையில் இருக்கும் தன் அம்மா வீட்டிலிருந்து மீன்தொட்டியைக் கொண்டுவந்தார். நான்கு தங்கமீன்கள். எங்கள் முன்னறை பகலிலும் இருட்டு. மீன் இருப்பதே தெரியாது. ஒரு ஞாயிறு நான் துணி துவைத்துவிட்டு வந்தபோது தொட்டி பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. எல்ஈடி பட்டியை மூன்று வரிசையாகப் பலகையில் ஒட்டி, பழைய ரவுட்டரின் அடாப்டரில் இணைத்து, தொட்டிக்கு மூடியாக்கியிருந்தார் அண்ணி. ஈயம் வைத்து வயரை ஒட்டியதும் அவரே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒன்னைய விட நல்லா செஞ்சிருக்கா பாரு," என்றார் அண்ணன். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டேன்.

மறுநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குறை தேடினேன். கிடைத்தது. அந்த அடாப்டர் ஒரு ஆம்ப்தான் தரும். மூன்று வரிசைக்கு அது காணாது. தொட்டேன், சுட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் எச்சரிக்கிற விஷயம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கடையிலிருந்து மூன்று ஆம்ப் அடாப்டர் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அண்ணியுடையது கருகியதும் அண்ணன் என்னைக் கூப்பிடுவார், நான் எடுத்துக் கொடுப்பேன்.

வியாழக்கிழமை வந்து பார்த்தால் இரண்டு வரிசைதான் எரிந்தது.

"தொடைக்கிறப்ப அடாப்டர்ல கை பட்டு சுட்டுருச்சு. ஒரு வரிசைய வெட்டிட்டேன்," என்றார் அண்ணி. "நீ தொட்டுப் பாக்கலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பாத்தேன் அண்ணி. திங்கக்கெழமயே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"கருகட்டும்னு இருந்தேன்."

அண்ணி திரைச்சீலையைத் தொட்டுக் காட்டினார். "பக்கத்துலயே தெரச்சீல தொங்குது. நாங்க எல்லாம் உள்ளதான படுக்குறோம்," என்றார் மெதுவாக. அதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பையிலிருந்த அடாப்டரை எடுத்து மேசையில் வைத்தேன். எப்போது வாங்கியது என்று கேட்டார், அதையும் சொன்னேன். புருவத்தை உயர்த்தினார், அவ்வளவுதான். வெட்டிய பட்டியை எடுத்துவந்து, "பிடிச்சுக்கிறேன், ஒட்டு," என்றார். ஒட்டினேன்.

இப்போது மூன்று வரிசையும் எரிகிறது, அடாப்டர் சுடுவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அண்ணன், "எங்க வீட்டுக்காரி செஞ்சது," என்று காட்டுவார். அடாப்டர் என்னுடையது என்று ஒவ்வொரு முறையும் அண்ணி சேர்த்துச் சொல்வார். அவர் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். அந்தப் பெருந்தன்மையும் அவருக்கே போய்விட்டதே என்றிருக்கும்.