தெரியாது என்று சொன்ன ஆயர்

மகளை அடக்கம் செய்த ஐந்தாம் நாள் எங்கள் ஆயர் பிரசங்க பீடத்தில் ஏறி நின்றது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. வேறொருவரை அனுப்புவதாக மேலிடத்தில் சொல்லியும் வேண்டாமென்றுவிட்டார். அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவள். இரத்தப் புற்றுநோய். புதுக்கோட்டையில் எங்கள் சபையே அவளுக்காக உபவாசம் இருந்து ஜெபித்தது. வெளியூர் ஜெப ஊழியர் ஒருவர் அவள் தலையில் கைவைத்து, சுகமாகிவிட்டது என்று அறிவித்துவிட்டும் போனார்.

ஆயர் அன்று வேதாகமத்திலிருந்து, ஆறுதல் இல்லாமலே முடிகிற ஒரு சங்கீதத்தை வாசித்தார். பிறகு, "எம் பொண்ணு ஏன் போனான்னு எனக்குத் தெரியலைங்க. ஆண்டவர் சித்தம்னு சொல்லி அந்தப் பழிய அவர் மேல போட மனசு வரலை. அவரும் நம்மகூட உக்காந்து அழுவுறார்னுதான் நெனைக்கிறேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

சபைக் கமிட்டி கூடியது. தெரியாது என்கிறவர் மற்றவர்களுக்கு எப்படி வழிகாட்டுவார் என்று கேட்டார்கள். அவருடைய விசுவாசக் குறைவுதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்றும் ஒருவர் சொன்னார். அவரை மாற்றக் கேட்டு எழுதிய கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். அப்போது என் கணவர் டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். குணமாகிவிடும் என்பதையே பிடித்துக்கொண்டிருந்த எனக்கு ஆயரின் 'தெரியாது' பயமாக இருந்தது. அந்தச் சொல்லைச் சபையை விட்டு அனுப்பிவிட்டால் என் வீட்டுக்குள் வராது என்று நம்பினேன் போலும்.

கறம்பக்குடிப் பக்கம் ஒரு சிறிய சபைக்கு அவரை மாற்றினார்கள். அங்கிருந்து வியாழன்தோறும் பஸ் ஏறி வந்து என் கணவரின் கட்டிலருகே உட்காருவார். மழையைப் பற்றி, கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவார்கள். சில நாள் ஒன்றுமே பேசாமல் இருப்பார்கள். வியாழக்கிழமைக்காக என் கணவர் காத்திருப்பார். நான் காப்பியை வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் உள்ளே போய்விடுவேன்.

என் கணவர் இறந்தபோது புதிய ஆயர், மேலே ஆண்டவருக்கு ஒரு நல்ல மனிதர் தேவைப்பட்டார் என்று பிரசங்கித்தார். எனக்கும்தானே தேவைப்பட்டார் என்று கத்தத் தோன்றியது. பழைய ஆயர் கல்லறையில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, யாரோடும் பேசாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கறம்பக்குடிக்குப் போனேன். கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன்.

"தெரியும்ங்க டீச்சர். நகல் எனக்கும் வந்துச்சு."

"தெரிஞ்சுமா ஐயா வந்தீங்க?"

"அவரு ஒடம்பு முடியாம இருந்தாருல்ல" என்றார்.

அன்று பேசியதுபோல ஒருமுறை எனக்காகப் பேசுங்கள் என்று கேட்டேன்.

"இப்பல்லாம் நான் பிரசங்கம் எழுதுறதில்லைங்க. அச்சடிச்சு வர்றதை வாசிச்சுட்டு எறங்கிடுறேன். சொந்தமா ஒரு வார்த்தை சொல்லப்போனா, யாருக்குப் பயமாயிருக்குமோன்னு நிறுத்திடுறேன்."

வாசலில் நின்றிருந்த ஆயரம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆயர் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். வெயிலில் இருவரும் நின்றோம். பஸ் வந்ததும் எட்டிப் பார்த்து, "ஏறுங்க டீச்சர், எடம் இருக்கு" என்றார்.