கணேசமூர்த்தியின் பழைய நகல்

கணேசமூர்த்தியிடம் கேள்வி கேட்க வருகிறவர் கையில் தே தாரிக்கோடு, அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீரோடு, வரவேண்டும். இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை. மலேசியாவில் சிரம்பானுக்கு வெளியே, ரப்பர் கையுறை இயந்திரங்களுக்குச் சிப்பு பொருத்திய மின்பலகை செய்து கொடுத்த ஒரு தொழிற்சாலையில் அது தானாக முளைத்த வழக்கம். கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் தேநீரை வாங்கிவந்து, அவர் மேசையோரத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். சில நாள் காலையில் அந்த ஆணியைப் பார்த்தால் பந்தலில் காய் தொங்குகிற மாதிரி இருக்கும். அவ்வளவையும் குடித்த மனிதருக்கு இன்னும் சர்க்கரை வியாதி வராததுதான் ஆச்சரியம்.

அவர் கெமாஸ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளை. உபகாரச் சம்பளத்தில் படித்து, எண்பத்தேழில் இந்தத் தொழிற்சாலையின் மென்பொருள் பிரிவுக்கு வந்தார். வந்த புதிதில் அவர் எழுதியதுதான் டிபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் சிப்பை நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற மென்பொருள் அது. சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்று குட்டிக் குட்டி அறைகள் உண்டு. ரப்பர் பால் இறைக்கிற பம்பு ஓடுகிறதா, கையுறை அச்சுகளைச் சுமக்கிற சங்கிலி நகர்கிறதா என்பதெல்லாம் அந்த அறைகளில் எண்ணாகக் கிடக்கும். ஒவ்வொரு தடவையும் சிப்பிடமே கேட்டால், அந்தக் காலத்துக் கேபிளில் பதில் வருவதற்குள் கொட்டாவி வந்துவிடும். அதனால் கணேசமூர்த்தி ஒரு வேலை செய்தார். ஒருமுறை கேட்டதை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தமுறை நகலையே காட்டினார். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்! மேலதிகாரி கைகுலுக்கினார்.

கோளாறும் அங்கேதான் இருந்தது. சிப்பு மேற்கொண்டு ஓடிவிட்டால் நகல் பழசாகிவிடும். அதைத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி படிக்கவேண்டும். எப்போது துடைப்பது, எங்கே இரண்டு முறை துடைப்பது, எங்கே தொடவே கூடாது என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் மட்டும் இருந்தது. ஆகவே மற்றவர்கள் தேநீரோடு வந்தார்கள்.

“அண்ணே, ரெஜிஸ்டர் மறுபடியும் பொய் சொல்லுதுலா,” என்பான், சங்கிலிப் பகுதிக்கு நிரல் எழுதுகிற முருகையா.

“துடைச்சியா?”

“துடைச்சேண்ணே.”

“எத்தனை தடவ?”

முருகையா விரலை மடக்கி எண்ணிப் பார்ப்பான். கணேசமூர்த்தி நாற்காலியில் சாய்ந்துகொள்வார். உலகத்திலேயே அவருக்குப் பிடித்த நேரம் அது.

தொண்ணூற்றைந்தில் வந்தது வினை. புதிய மின்பலகையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு சிப்புகள், சங்கிலிக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று. நகலோ ஒன்றே ஒன்று. எந்தச் சிப்பின் எண் எதன் பெயரில் தெரிகிறது என்று எழுதியவருக்கே சில நேரம் தலை சுற்றியது. அப்போது பிரிவுக்குப் பொறுப்பாக வந்திருந்த பஞ்சாலை என்ற பெண் வேறு ஒரு வழியை எழுதினாள். எந்தச் சிப்பின் எண் வேண்டும் என்று பெயர் சொல்லித்தான் கேட்கவேண்டும். நகல் பழசானால் அதுவே தெரிந்துகொண்டு சிப்பிடம் போய்க் கேட்கும். துடைக்கிற வேலையே கிடையாது.

பழையதை ஒரேயடியாக வெட்டிப்போட முடியாது. நிரல் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் அதைக் கூப்பிட்டுப் பயன்படுத்தியிருந்தார்கள். பஞ்சாலை அதன் பெயருக்கு முன்னால் ‘ஜாங்ஙான்’ என்று சேர்த்துவிட்டாள். வேண்டாம், தொடாதே என்று மலாய்க்காரர்கள் குழந்தையை அதட்டுகிற சொல். இனி அதைப் பயன்படுத்துகிறவன் ஒவ்வொரு தடவையும் தன் கையாலேயே ‘ஜாங்ஙான்’ என்று தட்டச்சு செய்யவேண்டும். திரையிலும் ஓர் எச்சரிக்கை வரும். ஒவ்வோர் இடமாக மாற்றிக்கொண்டே போய், கடைசி ஆளும் விட்டபிறகு அழித்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

“பேரு வைக்கிறதுன்னா இப்படித்தான் வைக்கணும்,” என்று கணேசமூர்த்தி எல்லோர் முன்னாலும் சிரித்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பெயரையே எரிச்சலோடு முணுமுணுத்தார். எழுதிய நிரல் போகட்டும், அதில் அவருக்கு அவ்வளவு பாசமில்லை. துடைக்கவேண்டாம் என்றால் கேள்வி இல்லை, கேள்வி இல்லை என்றால் மேசைக்கு யார் வருவார்கள்? யாருமே வராத மேசையில் உட்கார்ந்திருக்கும் கணேசமூர்த்தியை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பயமாக இருந்தது.

பயந்த மனிதர் செய்கிற காரியத்தை அவரும் செய்தார். பஞ்சாலை பழையதை நான்கு இடத்தில் எடுத்தால், இவர் சத்தமில்லாமல் ஓர் இடத்தில் நட்டுவைத்தார். கேட்டால் “அவசரத்துக்குப் போட்டதும்மா, அப்புறம் எடுத்துருவேன்,” என்பார். பஞ்சாலை அவர் முகத்தைப் பார்ப்பாள், சரி என்று போய்விடுவாள். கடைசியில் எல்லாம் ஒழிந்து, பம்பைக் காட்டும் திரையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதுவும் அவர் நட்டதுதான்.

சோதனை அறையில் நிஜமான ரப்பர் பால் நிரப்பிய தொட்டியோடு ஒரு சின்ன இயந்திரம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை அதன் குழாயில் அடைப்பு. கணேசமூர்த்தி திரையைப் பார்த்தார். பம்பு நின்றிருக்கிறது என்று அவருடைய டிபக்கர் சொன்னது. அவர் தைரியமாகக் குழாயின் பூட்டைக் கழற்றினார்.

பம்பு நிற்கவில்லை. திரையில் தெரிந்தது சங்கிலிச் சிப்பின் எண், அதுவும் காலையில் எடுத்த நகல். எத்தனை தடவை துடைக்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், அன்று ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை. அமோனியா நாற்றத்தோடு பீய்ச்சி அடித்த பால் தலை, மீசை, சட்டைப்பை ஒன்றையும் விடவில்லை. கண்ணில் கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தார். முருகையா ஓடிப்போய் பம்பை நிறுத்தினான். கூடவே ஓடிவந்த, சோதனைப் பிரிவு லெட்சுமி சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். பால் பட்ட துணி எதற்கும் உதவாது என்பது தோட்டத்தில் பிறந்தவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. தலைமுடியும் அப்படித்தான். மறுநாள் மொட்டைத் தலையோடு வந்தவரைப் பார்த்த காவலாளி, “பத்துமலை முருகனுக்கு மொட்டையாண்ணே, நல்ல தரிசனமா?” என்று கேட்டார்.

கணேசமூர்த்தி நேரே பஞ்சாலையிடம் போனார்.

“பம்புல இருந்தது நான் போட்டதும்மா. அவசரத்துக்கு இல்ல. வேணும்னுதான் போட்டேன்.”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சுமா எடுக்கல?”

“நீங்களே எடுப்பீங்கன்னு விட்டேன். இப்படி ஆவும்னு நெனைக்கலண்ணே. என் தப்பும்தான்.”

அவரே உட்கார்ந்து அந்த ஓர் இடத்தை மாற்றினார். பிறகு பழைய நகல் இருந்த ஃபைலையே அழித்தார். நிரல் ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் ஓடியது. யாரும் கைதட்டவில்லை, அவரவருக்கு வேலை இருந்தது.

அவர் பயந்தபடியேதான் நடந்தது. அடுத்த வாரம் முழுக்க ஒருவரும் வரவில்லை. ஆணி வெறுமனே இருந்தது. பக்கத்தில் யாராவது நடந்துபோனால் நிமிர்ந்து பார்ப்பார். அவர்கள் கழிவறைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அவருக்கு அழுகையே வரும்போல இருந்தது.

அப்போது முருகையா வந்தான். கையில் தேநீர் இல்லை, கார் சாவி இருந்தது.

“அண்ணே, ஃப்ரீயா?”

“என்ன, புதுசு பொய் சொல்லுதா?” கணேசமூர்த்தி ஆவலோடு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அதெல்லாம் நல்லா ஓடுதுலா. கோலா கிளாவாங் பக்கம் டுரியான் பழம் சாப்பிடப் போறோம். நானு, பஞ்சாலை, லெட்சுமி, நம்ம பிரிவு அஸ்மான். வரீங்களா?”

“இன்னிக்கு என்ன விசேஷம்?”

“விசேஷம் இல்லண்ணே. சீசன் வந்தா வெள்ளிக்கிழமையில போறதுதானே. மூணு வருசமா போறோம்.”

“மூணு வருசமாவா? என்னை ஒரு வார்த்தை கூப்பிடலையே!”

முருகையா தலையைச் சொறிந்தான். “எப்படிண்ணே கூப்புடறது? உங்க மேசையில எப்பவும் ஒரு ஆளு நிக்கும். நீங்க பிஸின்னு நெனச்சோம்.”

கணேசமூர்த்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷமும் வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தார். முருகையாவின் பழைய புரோட்டான் காரில் ஐந்தாவது ஆளாகப் பின்பக்கம் நெருக்கி உட்கார்ந்துகொண்டு, “எந்தக் கடைக்குப் போறோம்? எங்க பழம் நல்லாருக்கும்?” என்று கேட்டார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.