எழுந்து போனவரின் கதிரை

குட்மேய்ஸில் எங்கள் ஆட்கள் எவர் வீட்டில் விசேஷமென்றாலும் சாப்பாட்டு மண்டபத்தின் பொறுப்பு என் மனைவி பிரமிளாவிடம்தான் வந்து சேரும். யாரை எங்கே இருத்துவது, யாருக்குப் பக்கத்தில் யாரை இருத்தவே கூடாது, எந்த மாமாவுக்கு முதல் பந்தியில் இடம் கொடுக்காவிட்டால் ஆயுள் பகை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அரசாங்கத்தில் அவள் பார்க்கும் உத்தியோகமும் ஏறக்குறைய அதேதான். வர்த்தகம் பேச வெளிநாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு அறை பிடிப்பது, கதிரை போடுவிப்பது, மேசையில் பெயர் அட்டை வைப்பது, தேநீர் எப்போது உள்ளே போக வேண்டும் என்று சொல்வது. இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? பிரமிளா பெரிய இடத்தில் இருக்கிறாள், உலக விஷயமெல்லாம் அவள் கைக்குள்ளே என்றுதான் ஊர் முழுக்கக் கதை.

சின்ன வயதில் பருத்தித்துறையிலிருந்து தாயோடு இந்த ஆங்கிலேயர் நாட்டுக்கு வந்தவள். ஈஸ்ட்ஹாமில் படித்தாள். ஒரு கோடை விடுமுறைக்குத் தற்காலிகமாக டைப் அடிக்கப் போன அலுவலகத்திலேயே நின்றுவிட்டாள். பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போடச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். எனக்கு இது காணும், போதும் என்பாள். அவளுக்குக் கோபம் வராது. வந்தாலும் வெளியே தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பகுதியை நான்தான் கவனித்துக்கொள்கிறேன்.

நான் திருமாறன். பார்க்கிங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். பாலும் பியரும் ஓடுகிற குழாய்களுக்கு ஸ்டீல் வால்வு செய்கிறோம். செய்வதில் முக்கால்வாசி அமெரிக்காவுக்குப் போகும். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அங்கே மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது. திங்கட்கிழமை ஒரு இறக்குமதி வரி, புதன்கிழமை அது இரட்டிப்பு, வெள்ளிக்கிழமை கொஞ்சம் பொறுங்கள் யோசிக்கிறோம். எத்தனை காலமாக நண்பன் நண்பன் என்று கையைப் பிடித்துக்கொண்டு திரிகிறோம்! எதிரிகூட அடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அடிப்பான். எங்கள் அரசாங்கமோ முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு, இரு நாட்டு உறவும் உறுதியாக இருக்கிறது என்று அறிக்கை விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சூடு சுரணை வேண்டாமா? திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

முதலாளி எங்களைக் கூட்டிவைத்து நேராகவே சொல்லிவிட்டார். இரண்டு அரசாங்கங்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் தொழிற்சாலை நடக்கும். வராவிட்டால் கோடை முடிய முன்னர் கதவைப் பூட்ட வேண்டும். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வால்வை விட்டால் வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் யார் என்னைக் கூப்பிட்டு வேலை தருவான்? என் பகுதியில் வேலை செய்யும் லக்‌ஷனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. காலையில் ஷிப்டுக்கு வந்ததும் வராததுமாக என்னிடம் வந்து நிற்பான்.

"அண்ணை, அக்கா ஏதும் சொன்னவவோ?"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்காமல் விட்டேனா? சாப்பிடும்போது கேட்டேன், தேநீர் குடிக்கும்போது கேட்டேன், உடுப்புக் காயப்போடும்போது பின்னால் போய் நின்று கேட்டேன். வேலையில் நடப்பதைக் கதைக்க முடியாது, உங்களுக்குத் தெரியும்தானே என்பாள். வாயால் சொல்ல வேண்டாம், நல்லதென்றால் தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்று கேட்டேன். தலையும் ஆடவில்லை.

ஒரு நாள் மாலை எனக்கு எல்லை கடந்துவிட்டது. மேசையில் சோறும் மீன்குழம்பும். வழமை போலக் கேட்டேன். வழமை போல ஒன்றும் வரவில்லை. "இந்த வீட்டிலை நான் ஆர்?" என்று கேட்டுவிட்டு, பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து, கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனேன். குட்மேய்ஸ் பூங்காவில் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குளிர் ஏற ஏறக் கோபம் இறங்கியது. பசிக்கவும் தொடங்கியது.

திரும்பி வந்தால் என் சோற்றுக் கோப்பை விட்ட இடத்திலேயே இருக்கிறது, மேலே இன்னொரு கோப்பையால் மூடியபடி. நான் தள்ளிவிட்ட கதிரையும் தள்ளிவிட்டபடியே. பிரமிளா உடுப்பு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு இருங்கோ, சூடாக்கித் தருகிறேன் என்றாள். எங்கே போனீர்கள், ஏன் போனீர்கள், ஒரு கேள்வியில்லை. நானும் ஒன்றும் நடக்காதவன் போல இருந்து சாப்பிட்டேன். அவள் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. ஆபத்தென்றால் இவள் இப்படி இருப்பாளா என்று நினைத்துக்கொண்டே படுத்து, நன்றாகத் தூங்கிப்போனேன்.

கோபித்து எழுந்தவரின் சாப்பாட்டை எடுக்காமல் விடுவது அவள் குடும்பத்துப் பழக்கம். நகரத்தின் மறுபக்கம் எட்மண்டனில் குகநாதன் என்று ஒரு பெரியப்பா அவளுக்கு இருக்கிறார். குடும்பத்தில் வசதியான மனிதர். அவர் உதவாத கலியாணமும் இல்லை, அவர் கோபித்துக்கொண்டு எழும்பாத பந்தியும் இல்லை. ரசம் பிந்தி வந்தது என்று ஒரு முறை, அழைப்பிதழில் தன் பெயர் கீழே போய்விட்டது என்று இன்னொரு முறை. அவர் எழும்பினால் பிரமிளா வீட்டார் பின்னால் ஓடிப்போய்க் கெஞ்ச மாட்டார்கள். போகிறவரைத் திட்டவும் மாட்டார்கள். அவருடைய இலையை மட்டும் எடுக்காமல் விடுவார்கள். மனிதர் கார் தரிப்பிடத்தில் நின்று ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்து, அதே இலைக்கு முன்னால் இருப்பார். பாயசம் போகும். எவரும் எதுவும் கேட்கக் கூடாது. ஒருமுறை வேறொரு உறவினர் வீட்டுக் கலியாணத்தில், வெளி ஆட்கள் பரிமாறியபோது, அவருடைய இலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்த மனிதருக்கு இருக்க இடமில்லை. அந்த வீட்டோடு இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

நான் பூங்காவுக்குப் போய் வந்த அடுத்த கிழமை பிரமிளாவின் அலுவலகத்தில் ஒன்று நடந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு அது தெரியவந்தது. அதிலும் கதிரைகளைப் பற்றி மட்டும்தான் சொன்னாள். என்ன பேசினார்கள் என்பதை விடுங்கள், வந்தவர்கள் எந்த நாடு என்பதற்குக்கூட அவள் வாய் திறக்கவில்லை. 'வந்தவை' என்றாள், அவ்வளவுதான். நான் ஊகித்துக்கொண்டேன். நீங்களும் ஊகித்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்களின் தலைவர் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஃபைலை அடித்து மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். கூட வந்தவர்களும் வரிசையாகப் பின்னால் போனார்கள். உள்ளே எங்கள் பக்கத்து அதிகாரிகளும் கை படாத சாண்ட்விச்சுகளும் மிச்சம். அந்தக் கட்டடத்தில் அறைக்கு எப்போதும் அடிபிடி. பின்னேரம் அங்கே வேறொரு கூட்டம் வேண்டுமென்று ஆட்கள் நின்றார்கள். துப்புரவு செய்கிறவர்கள் பெயர் அட்டைகளை அள்ள வந்துவிட்டார்கள். பிரமிளா வாசலை மறித்து நின்றுகொண்டாள். ஒன்றையும் தொட வேண்டாம் என்றாள். ஏன் அப்படிச் செய்தாளென்று அந்தக் கணத்தில் தனக்கே தெரியாதாம்.

அவளுடைய மேலதிகாரி ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் அந்த நேரம் வருத்தம் தெரிவித்து ஒரு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார், பணிவாகவும் அதே சமயம் உறைக்கிற மாதிரியும். அதில் ஆங்கிலேயரை யாரும் வெல்ல முடியாது. பிரமிளா அவரிடம் போய், அறை இப்படியே இருக்கட்டும், நாளைக் காலையும் அவர்கள் வருவதாகவே வைத்துக்கொள்வோம், முடிந்தால் மின்னஞ்சலும் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டபோது அவள் சொன்னது இவ்வளவுதான். பெயர் அட்டையை எடுத்துவிட்டால் அவர் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும். எடுக்காவிட்டால் சும்மா வந்து இருந்தாலே போதும்.

 ஹெலன் அந்த மின்னஞ்சலை அனுப்பாமல் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மற்றக் கூட்டத்தை நிலக்கீழ் அறைக்கு மாற்றச் சொன்னார். அங்கே போனவர்கள் பிரமிளாவைக் கரித்துக் கொட்டிக்கொண்டு போனார்கள். அன்று மாலை வீட்டில் வயிறு சரியில்லை என்று அவள் சாப்பிடவில்லை. நான் வழக்கம் போல அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் புது சாண்ட்விச், புதுத் தண்ணீர், அதே அட்டைகள். எங்கள் பக்கத்து ஆட்கள் நேரத்துக்கு வந்து தங்கள் இடத்தில் இருந்தார்கள். மேசையின் மற்றப் பக்கம் முழுக்க வெறுங்கதிரை. படித்த மனிதர்கள் கோட்டும் சூட்டுமாக இருந்து வெறுங்கதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் இருந்தார்களாம், கொடுத்தால் சிரிப்பு வந்துவிடும் என்று. தேநீர் ஆறியது. பிரமிளா வேறு கொண்டுவரச் சொன்னாள். அதுவும் ஆறியது. தான் செய்தது முழுப் பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே பட்டபோது கதவு திறந்தது. அந்தத் தலைவர் உள்ளே வந்தார். தன் பெயர் அட்டையைப் பார்த்தார். இருந்தார். பால் இருக்கிறதா என்று கேட்டார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு நாள் தொழிற்சாலையில் முதலாளி இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார். இயந்திரம் நின்றதும் எனக்கு உயிரே நின்றுவிட்டது, பூட்டப்போகிறார்கள் என்று. மனிதர் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவைத்தார். உடன்பாடு வந்துவிட்டது. வரி முழுதாகப் போகவில்லை, ஆனால் எங்கள் வால்வுகள் தப்பும் அளவுக்குக் குறைந்துவிட்டது. நாளைக்கே மேலிடத்துக்குத் திரும்பவும் மனம் மாறலாம். மாறட்டும், அதை நாளைக்குப் பார்த்துக்கொள்வோம். லக்‌ஷன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அவனைத் தேற்றுகிற சாட்டில் நானும் அழுது தீர்த்தேன். எத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம்! பஸ்ஸில் வரும்போது எதிரில் இருந்த அந்நியர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தேன்.

வழியில் விளைமீன் வாங்கிக்கொண்டு போய் நானே சமைத்தேன். குசினியை யுத்தகளமாக்கினேன் என்று பிரமிளா சொல்வாள், அது வேறு. சாப்பிடும்போதுதான் அவள் அந்தக் கதிரைக் கதையைச் சொன்னாள். நான் சிரித்துப் புரையேறினேன். பெரியப்பா குகநாதனுக்கு அரசாங்கம் ஒரு பதக்கம் கொடுக்க வேண்டும் என்றேன். அவளும் சிரித்தாள். பிறகு எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"எல்லாம் தெரிஞ்சு வைச்சுக்கொண்டு இவ்வளவு நாளும் எப்பிடி என்ரை முகத்தைப் பாத்தனீர்?"

"எனக்கு ஒண்டும் தெரியாது."

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. எங்கள் தொழிற்சாலை பேச்சுவார்த்தையில் மாட்டுப்பட்டிருக்கிறது என்பதை அவள் தொடக்கத்திலேயே ஹெலனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். புருஷனின் வேலை இதில் இருக்கிறது, ஆனபடியால் அந்தப் பக்கம் என்னை விடாதீர்கள் என்று. அன்றிலிருந்து ஸ்டீல் என்ற பேச்சு எழுந்தால் அவள் அறைக்கு வெளியே போய்விட வேண்டும். அது சம்பந்தமான ஒரு தாள் அவள் கைக்கு வராது. அந்த மனிதர் எதற்காகக் கோபித்து எழுந்து போனார் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. முடிவு வந்ததை அவளும் என்னைப் போல ரேடியோவில்தான் கேட்டிருக்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை மாதம் உம்மைக் கரைச்சல் படுத்தினேனே, எனக்கும் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனே என்று கத்தினேன். அவள் மீன்முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும் எண்டு நினைச்சுத்தானே நீங்கள் நித்திரை கொண்டனீங்கள். இவள் பயப்பிடேல்லை, அப்ப பெரிசா ஒண்டும் நடவாது எண்டு. எனக்கும் தெரியாதெண்டு சொல்லியிருந்தால் ரெண்டு பேரும் முழிச்சுக்கொண்டு கிடந்திருப்பம்."

 அவள் சொன்னது உண்மை. எவ்வளவு கத்தினாலும் ஒரு நாளாவது நான் தூங்காமல் இருந்ததில்லை. பக்கத்தில் கிடந்தவள் என்ன செய்தாள் என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததுமில்லை.

"அப்ப நீர்?" என்று கேட்டேன்.

"நான் இண்டைக்கு நித்திரை கொள்ளுவன்" என்றாள்.