வரி நோட்டில் இல்லாத தனக்கொடி

எந்தக் குப்பம் என்று சொல்லமாட்டேன். புதுச்சேரி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, அவ்வளவுதான். பேரைச் சொன்னால் நாளைக்கே நாலு பேர் என் மேஜை முன்னால் வந்து நிற்பார்கள். நான் தனிஸ்லாஸ், மரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தாக்களின் பென்ஷனுக்குப் பிரெஞ்சில், மற்றவர்களுக்குத் தமிழில். இருபத்தேழு வருஷத்தில் நான் ஆத்திரத்தோடு எழுதிய மனு தனக்கொடியுடையது ஒன்றுதான்.

தனக்கொடி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். புருஷன் வடிவேல் கடலுக்குப் போய்த் திரும்பி வராமல் பதினாறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு கூடை சுமந்தே இரண்டு அறை வைத்து மெத்தை வீடு கட்டினாள். போன மழைக்காலத்தில் கடல் அதை மூன்றே நாளில் தின்றது. முதலில் கொல்லைச் சுவர், அப்புறம் சமையல் அறை, கடைசியில் வாசல். இப்போது வலைக் கொட்டகை ஒன்றில் படுத்துக்கொள்கிறாள்.

கடலால் வீடு இழந்தவர்களுக்கு மாற்று வீடு தருவதாக ஒரு திட்டம் வந்தது. பருவநிலை மாற்றத்துக்கான திட்டமாம், உலக நாடுகளுக்கு நாம் கொடுத்த வாக்காம். அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டியலைக் கொடுங்கள் என்று ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். குப்பத்தில் கல்யாணமான ஆம்பிளைதான் ஊருக்கு வரி கட்டுவான். வரி கட்டுகிறவன்தான் ஊரில் ஒரு ஆள். பஞ்சாயத்தார் அந்த வரி நோட்டைப் பார்த்து நாற்பத்தொரு பேரை எழுதிக் கொடுத்தார்கள். தனக்கொடி பேர் இல்லை.

போய்க் கேட்டாள். "வடிவேலு செத்தான், அந்த வரி நின்னுபோச்சு. பொம்பளைக்கு ஏது வரி?" என்றார் தலைவர். ஊரை மீறி வெளியே மனு கொடுத்தால் தண்டம், தள்ளிவைப்பு என்றும் சொல்லி அனுப்பினார்.

நேரே என்னிடம் வந்தாள். "எழுது அண்ணே. என்னைத் தள்ளி வெக்கட்டும். ஊடே இல்லாதவள எங்க தள்ளுவானுங்க?"

பாரீஸ் ஒப்பந்தத்தைப் பிரெஞ்சிலேயே படித்தவன் நான். பருவநிலைக்காக எது செய்தாலும் ஆண் பெண் சமத்துவத்தை மதிக்க வேண்டும் என்று அதன் முகப்பிலேயே இருக்கிறது. நம் அரசியலமைப்பின் பதினான்காம் பிரிவோ, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. இரண்டையும் மனுவில் எழுதினேன். ஊருக்கு ஒரு நோட்டு இருக்கட்டும், அரசாங்கத்துக்கு அந்த நோட்டு எதற்கு என்றும் கேட்டேன்.

மனுவோடு நாங்கள் அந்தத் திட்ட அலுவலகத்துக்குப் போன நாள் நவம்பர் இருபத்தாறு, அரசியலமைப்பு நாள். அலுவலக வாசலில் எல்லாரும் வரிசையாக நின்று முகப்புரை வாசித்தார்கள். எங்களையும் நிற்கச் சொன்னார்கள். 'இந்திய மக்களாகிய நாம்' என்று அதிகாரி கலைவாணன் சொல்லச் சொல்ல, தனக்கொடியும் கணீரென்று சொன்னாள். முடிந்ததும் அவர் மனுவைப் புரட்டினார்.

"பஞ்சாயத்து பட்டியல்ல பேர் இல்லியேம்மா. நாங்க என்ன பண்றது?"

"இப்பதானே சார் 'மக்களாகிய நாம்'னு சொன்ன? அதுல நான் இருக்கேனா இல்லியா?"

"அது வேறம்மா..."

"இன்னா வேற? இல்லன்னா இல்லன்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடு. வாங்காம நகர மாட்டேன்." சொல்லிவிட்டு வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுத அவருக்குத் தைரியம் ஏது? சாயங்காலம் வரை பார்த்தார். கடைசியில், நாளைக்கு வந்து இடத்தை ஆய்வு செய்கிறேன் என்றார்.

மறுநாள் பாலிஷ் போட்ட ஷூவோடு வந்தார். பஞ்சாயத்தார் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கலைவாணன் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, படிவத்தில் எழுதினார்: 'கள ஆய்வில் வீடு எதுவும் காணப்படவில்லை.' எட்டிப் பார்த்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடல் தின்ற வீட்டைக் கரையில் தேடுகிறான் படித்த மனுஷன்! தனக்கொடிக்குப் படித்துக் காட்டினேன்.

அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. காலால் துழாவி ஓரிடத்தில் நின்றாள். அலை ஒன்று அவளைத் தாண்டிப் போனது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இதான் என் வாசப்படி. டேப்ப எடுத்துக்கிட்டு வா, அளக்கலாம்."

"அம்மா, அலை அடிக்குது. மேல வாங்க."

"அளந்துட்டு எழுது, வரேன்."

கலைவாணன் பஞ்சாயத்தாரைப் பார்த்தார். எழுதிய வரியை அடித்துவிட்டு, படிவத்தை என்னிடம் கொடுத்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார்.