அவள் வீட்டு டப்பா

கட்கியில் என் வீட்டில் இட்லி மாவு வியாபாரம். சுவருக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டில் இட்லிப் பொடி. மாவு வாங்க வருகிறவர்களிடம் அவள் பொடியைத் தள்ளிவிடுவேன். பொடிக்கு வருகிறவர்களை அவள் என் வாசலுக்கு அனுப்புவாள். எங்களுக்குள் அவளுடைய எவர்சில்வர் டப்பா ஒன்று போய்வரும்: மாவோடு போகும், பொடியோடு வரும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் இரண்டு வீட்டிலும் கிடையாது.

போன வருஷம் விமான் நகர் ஹோட்டல் ஒன்றிலிருந்து ஓர் ஆள் வந்தான். என் வாசலைத் தாண்டி நேராக அவள் வீட்டுக்குப் போனான். அப்புறம் அவள் காட்டில் மழைதான். புது மிக்ஸி வந்தது, வாசலில் டெம்போ நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. அவள் பொடியில் பெருங்காயம் எப்போதுமே ஒரு சிட்டிகை தூக்கல். அதைப் போய்த் தேடிவந்தானே!

ஒருநாள் டப்பா நிறையப் பொடியோடு வந்தாள்.

"அக்கா, இதான் கடைசி. இனிமே வெளில யாருக்கும் குடுக்கக் கூடாதாம். அக்ரிமெண்ட்ல இருக்கு."

"எனக்குக்கூடவா?"

"சும்மாகூடக் குடுக்கக் கூடாதாம்க்கா. அவ்ளோ பெரிய ஆளுங்க, நாம சொன்னா கேப்பாங்களா?"

பொடிக்கு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். பாதி மாவும் விற்காமல் புளித்தது. அவள் டெம்போவை மட்டும் ஜன்னல் வழியே தவறாமல் பார்த்தேன். டப்பாவை மாவோடு திருப்பித் தரத்தான் மனசு வரவில்லை.

பெரிய நாடு ஒன்று சின்ன நாடுகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டதும், பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்குள் இருந்த வியாபாரமே படுத்துவிட்டது என்று டிவியில் ஒருவர் விளக்கினார். "இதுக்கு டிவி எதுக்கு? நம்ம சுவரைப் பாருங்க," என்றேன் வீட்டுக்காரரிடம்.

அப்புறம் அதே ஆள் என் வாசலுக்கும் வந்தான். ரேட் அவன் சொன்னதுதான். வெளியில் யாருக்கும் மாவு தரக்கூடாது என்றான். அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள், என்னையும் கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? கையெழுத்துப் போட்டேன். அவளிடம் முதலில் போனானே என்ற எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

இப்போது என் இட்லியும் அவள் பொடியும் விமான் நகரில் ஒரே தட்டில் இருக்கின்றன. அவள் டப்பா என் அலமாரியில் இருக்கிறது. மாவு ஊற்றித் தர எனக்கு அனுமதியில்லை. சர்க்கரை போட்டாவது கொடுத்துவிடலாம் என்று ஒருநாள் கையில் எடுத்தேன். அது புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை. துடைத்து, அதே இடத்தில் வைத்துவிட்டேன்.