என் போனுக்குத் தங்கச்சி போட்ட பூட்டு

எங்கள் ஊரிலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். ஊருக்குள் டவர் எடுக்காது. பாதி வழியில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே வந்தால்தான் எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தும். ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துவேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. எட்டாவதில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டு வெளியே வந்த நான்தான் அவர்களுக்குப் பண்டிதன். போனை வாங்கி உரக்கப் படிப்பேன். உள்ளதை உள்ளபடி படித்தால் என்ன சுவை? கேஸ் சிலிண்டர் பதிவாகிவிட்டது என்று வந்தால், "மாமா, உனுக்குப் பொண்ணு பாத்துக்கீறாங்களாம், நாளைக்கு வரச் சொல்றாங்க" என்பேன். மாமாவுக்கு அறுபது வயது. வண்டியே குலுங்கும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் குலுங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் என் போன் ஒலித்தது. கைப்பழக்கம், அதையும் உரக்கப் படித்தேன்.

"தங்கச்சி, சத்து மாத்திரை போட்டியா? இந்த மாசம் ரத்தப்போக்கு எத்தனை நாள் இருந்துச்சு? வியாழக்கிழமை ஸ்கேன், மறக்காம போயிடு."

நாக்கு நின்றபோது படிக்க எதுவும் பாக்கி இல்லை. பின்சீட்டில், தையல் வகுப்புக்குப் போக, என் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. எங்கள் வீட்டுக்கு ஒரே போன் என்னுடையது. வெள்ளிமலை நர்ஸ் அக்கா கேட்டபோது அந்த நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது.

மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தங்கச்சி இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஊரைப் பார்த்து நடந்தாள்.

போன மாதம் சாமை அறுக்கிற இடத்தில் அவள் மயங்கி விழுந்தாள். பத்து நாளாக ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று அப்போதுதான் அம்மாவுக்கே சொன்னாள். ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது போகமாட்டேன் என்கிறாள். அம்மாவும், "நாலு பேரு சிரிச்சது போதும், வுடு" என்றாள்.

நர்ஸ் அக்காவிடம் போய் நின்றேன். அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்தில் ஒரு நோட்டை விரித்து வைத்து, ஒற்றை விரலால் செய்தி தட்டிக்கொண்டிருந்தார். மலையில் இருக்கும் பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக. யாருக்கு எந்த நாள் மாத்திரை, யாருக்கு எப்போது வலி வரும், எல்லாம் அந்த நோட்டில். டப்பாவில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"ஏம்பா, உன்னை யாரு ஜீப்புல ரேடியோ வெக்கச் சொன்னது?"

"பழக்கங்க்கா."

"நல்ல பழக்கம்! அவளுக்கு இன்னொரு தரம் மயக்கம் வந்தா அதையும் வளைவுல நின்னு படிப்பியா?"

நோட்டை மூடிவிட்டு அவரே, "என் மேலயும் தப்பு கீது. போனு யாரு கையில இருக்கும்னு நான் கேட்டிருக்கணும். எப்படி அனுப்பறதுன்னு அவளையே சொல்லச் சொல்லு. நீ பூந்து சொல்லாத" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். தங்கச்சி கையை நீட்டினாள்.

"போனைக் குடுண்ணா."

"இன்னாத்துக்கு?"

"குடு."

திரையில் விரலால் கோடு இழுத்துப் பூட்டு ஒன்று போட்டாள். "போனு உன்னுது. உள்ள கீறது என்னுது. இப்ப வளைவுக்கு வண்டியை எடு."

எடுத்தேன். வளைவில் எனக்கு முதுகைக் காட்டி நின்று அக்காவுக்கு என்னமோ நீளமாக எழுதினாள். எட்டிப் பார்த்ததற்கு முழங்கையால் ஒன்று கிடைத்தது.

வியாழக்கிழமை அவள் பின்சீட்டுக்குப் போகவில்லை. முன்னால், என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வளைவில் போன்கள் கத்தின. என்னுடையதை அவளிடம் கொடுத்தேன். வாய்க்குள்ளேயே படித்தாள்.

மாமா விடவில்லை. "இன்னாம்மா சேதி? உங்கண்ணன் இன்னிக்கு வாயை மூடிக்கினான்?"

அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். "ஒடம்பு சரியில்ல மாமா. டாக்டரு வரச் சொன்னாரு, போய்க்கினு கீறேன். சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சிடுங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

வண்டி குலுங்கவில்லை. மாமா வெளியே மரத்தைப் பார்த்தார். என்னால் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க முடியாது, அதனால் பேசுகிறேன். அவளோ பயந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்து பேசினாள். பின்சீட்டிலிருந்து ஒரு அத்தை இறங்கி முன்னால் வந்து, தன் போனை அவள் மடியில் வைத்து, காதோடு, "எம் பொண்ணுக்கும் நர்ஸம்மா அனுப்புறாங்க போல, படிச்சிச் சொல்லும்மா, மெதுவா" என்றாள்.

ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை; மாத்திரையில் சரியாகும், விடாமல் போடவேண்டும், மாதாமாதம் வரவேண்டும் என்றார்கள். போகிறாள். முகத்தில் நிறம் வந்திருக்கிறது, கூடவே திமிரும்.

இப்போது வளைவில் பெண்கள் யாரும் எனக்குப் போன் தருவதில்லை. என்னிடம் மிச்சம் மாமா ஒருவர்தான். வருகிற அழைப்பை மட்டும் என் போனில் நான் எடுக்கலாம். மற்றதற்கு அவளைக் கேட்கவேண்டும்.